ஆனையிறவில நிண்டுபோன சிஜி 125: வெயிலோ, ஒயிலோ?

06.04.2025, காலை 7.15

கொடிகாமத்துத் தம்பி ஒராள் கேட்டது, அப்பிடியே போடுறன்:

"அண்ணைமார், எங்கட சித்திரை வெயிலுக்குப் பழைய ஹொண்டா எஞ்சின் தாங்காது. நான் 20டபிள்யூ50 ஒயில் விட்டு, 95 பெற்றோல் அடிச்சு, வீட்டை வந்தோண்ண ஒரு வாளி தண்ணி எஞ்சினுக்கு ஊத்திறன். இண்டைவரை ஒரு பிரச்சினையும் இல்லை. இதைவிட வேற வழி இருந்தால் சொல்லுங்கோ."

06.04.2025, இரவு 9.40

தம்பி, முதல்ல அந்த வாளியைக் கிணத்தடியில வையும். மிச்சத்தைப் பேந்து கதைப்பம்.

சூடான எஞ்சினில தண்ணி பட்டால் உடன வெடிச்சுச் சிதறும் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஊத்திற ஆக்கள் கனபேரைத் தெரியும், அவையின்ர மோட்டச்சைக்கிள் இண்டைக்கும் ஓடுது. ஆனால் சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற ஹெட் அலுமினியம், சிலிண்டருக்கு உள்ளுக்க இருக்கிற உறை இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ரெண்டு மடங்கு விரியும், ஆறேக்கையும் ரெண்டு மடங்கு சுருங்கும். மெல்ல ஆறினால் ரெண்டும் ஒண்டுக்கொண்டு விட்டுக்குடுக்கும். ஒரு பக்கத்தில மட்டும் வாளியோட கொட்டினால் அந்த இழுபறி நடுவில அடைப்புக்கு இருக்கிற கஸ்கற்றிலதான் போய் முடியும். நான் கண்ணால கண்டது வேற: பொறி அடிக்கிற பிளக்கின்ர வெள்ளைப் பீங்கானில மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. வெளிச்சத்துக்குப் பிடிச்சுச் சரிச்சுப் பாத்தால்தான் தெரியும். ஏன் மிஸ் அடிக்குது எண்டு மூண்டு நாள், காத்தையும் பெற்றோலையும் கலக்கிற காபரேற்றரைக் கழட்டிப் பூட்டின மனுசன் நான்தான்.

மழைக்குள்ள ஓடுறம்தானே எண்டு கேப்பீர். மழைக்குள்ள எஞ்சின் தொடக்கத்தில இருந்தே நனைஞ்சுகொண்டு போகுது, அந்தளவு சூட்டுக்கு ஏறவே விடாது. அதுவும் இதுவும் ஒண்டில்லை.

வெயிலைப் பற்றி நீர் சொன்னது சரி. போன கிழமை கிளிநொச்சிக்குப் போகேக்க என்ர ஹொண்டா சிஜி 125 ஆனையிறவு உப்பளத்துக்குக் கிட்ட நிண்டிட்டு. மத்தியானம் 12 மணி. 60 இல போய்க்கொண்டிருக்க, ஆரோ பின்னுக்குப் பிடிச்சு இழுக்கிற மாதிரி மெல்ல மெல்ல இழுவை குறைஞ்சு, ரெண்டுதரம் விக்கி, நிண்டுது. நிழல் எண்டு சொல்ல ஒரு தடியும் இல்லாத வெளி. ராங்கி மூடியைத் திறந்து பாத்தன், பெற்றோல் கழுத்துமட்டும் இருக்கு. ரோட்டுக்கரையில அரை மணித்தியாலம் குந்தியிருந்திட்டு ஒரு உதை உதைச்சன், ஸ்ரார்ட். சூடுதான், வேற ஒண்டுமில்லை. சித்திரை 5 இலிருந்து 15 மட்டும் சூரியன் இலங்கைக்கு நேர் மேல நிக்கும், யாழ்ப்பாணத்துக்கு வருசப்பிறப்பை ஒட்டி. எங்களுக்கே மண்டை கொதிக்குது, இரும்புக்கு என்ன.

07.04.2025, காலை 6.30

ஒயிலைப் பற்றி எழுத மறந்துபோனன்.

20டபிள்யூ50 பிழையில்லை. நானும் அதுதான் விடுறன். ஆனால் அது எஞ்சினைக் குளிராக்கும் எண்டு நினைச்சு விடாதையும். பின்னால வாற 50 எண்டது 100 பாகை சூட்டில ஒயில் எவ்வளவு தடிப்பாய் நிக்குது எண்டதின்ர கணக்கு. சூட்டில ஒயில் தண்ணியாப் போகும். தேய்ஞ்ச பழைய எஞ்சினில ரெண்டு இரும்புக்கு நடுவில ஒயில் படலம் அறாமல் நிக்கிறதுக்குத்தான் தடிப்பு. குளிரிலயும் ஓடவேணும் எண்ட கவலை எங்களுக்கு இல்லை, மார்கழி விடியக்காலையிலயும் இஞ்ச 20 பாகைக்குக் கீழ போறது அருமை.

ஒண்டு மட்டும் கவனம். கார் ஒயில் மலிவாக் கிடைக்குது எண்டு விடாதையும். எங்கட கிளச் ஒயிலுக்குள்ளதான் குளிச்சுக்கொண்டு இருக்கு, வழுக்கத் தொடங்கினால் அதுவே ஒரு சூட்டடுப்பு. போத்தலில ஜாசோ எம்ஏ, இப்பிடிக் கிளச்சுக்கு ஏத்த ஒயில் எண்ட குறி, போட்டிருக்கோ பாரும்.

சிஜியில கொள்ளுறது ஒரு லீற்றருக்கு உள்ளதான். அந்தக் கொஞ்ச ஒயில்தான் பிஸ்ரனின்ர சூட்டையும் காவிக்கொண்டு திரியுது. அதில கால் லீற்றர் குறைஞ்சால் நாலில ஒரு பங்கு வேலையாள் வேலைக்கு வரேல்லை எண்டு அர்த்தம். தடிப்பைப் பற்றி மணித்தியாலக் கணக்காக் கதைக்கிற ஆக்கள் அளவுக் கம்பியை இழுத்துப் பாக்கிறேல்லை.

09.04.2025, இரவு 10.05

95 பெற்றோல்: காசு கூடினால் எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தாரும்.

அந்த நம்பர், பெற்றோல் பிளக்கின்ர நெருப்பு வந்து சேர முதல் தானாப் பத்தாமல் எவ்வளவுக்குத் தாக்குப் பிடிக்கும் எண்டதுக்கு. சூட்டைக் குறைக்கிற நம்பர் இல்லை. எங்கட எஞ்சினில அமுக்கம் ஒன்பதுக்கு ஒண்டு அளவிலதான், 92 தாராளமாக் காணும். ஏத்தத்தில, ரெண்டு பேரோட, மேல் கியரில முறுக்கேக்க சில்லறைக் காசைப் பேணிக்குள்ள குலுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அப்ப 95 ஐப் பற்றி யோசிக்கலாம். அப்பவும் முதல் பாக்கவேண்டியது பொயின்ற் ரைமிங், பிளக் பொறி அடிக்கிற நேரம். யாழ்ப்பாணத்தில ஏத்தத்துக்கு எங்க போறது எண்டு கேக்காதையுங்கோ, பாலத்தைக் கணக்கெடுப்பம்.

13.04.2025, பின்னேரம் 5.20

ஆளுக்காள் "சூடு, சூடு" எண்டுறம், எத்தினை பாகை எண்டு ஒருத்தரும் அளக்கேல்லை. கொரோனாக் காலத்தில நெத்திக்குப் பிடிச்சுக் காய்ச்சல் பாக்கிற துவக்கு ஒண்டு வீட்டில கிடந்தது. எஞ்சினுக்குப் பிடிச்சன். "ஹை" எண்டு காட்டிச்சு, பேந்தும் "ஹை". அது 43 பாகைக்கு மேல படிக்காது. எஞ்சினுக்குக் காய்ச்சல் எண்டது மட்டும் உறுதி.

மச்சான் ஒராள் குளிரூட்டி திருத்திறவர், அவரிட்ட வேலைக்குரிய துவக்கு இருக்கு. கடன் வாங்கினன். அதுக்கும் ஒரு பிசகு: மினுங்குற அலுமினியத்துக்கு நேர பிடிச்சால் பொய்க்கணக்கு, 60, 70 எண்டு குறைச்சுக் காட்டும். கறுப்பாய் ஒரு இடம் வேணும். குப்பி விளக்கைக் கொளுத்தி, பிளக்குக்குப் பக்கத்தில, சூட்டைக் காத்துக்கு விடுற தகட்டுச் செட்டையில ஒரு சதக் காசளவு புகை பிடிச்சு வைச்சன். பேந்து ஒழுங்காப் படிச்சுது.

வெளியில 34 பாகை. ஆஸ்பத்திரி வீதியில பஸ் நிலையத்தடியில ஊர்ந்து ஊர்ந்து கால் மணித்தியாலம்: 163. அதே சைக்கிள், அதே நாள், வல்லை வெளியில 50 இல ஒரே சீராய்: 127. கோண்டாவிலில ரயில் கேற் போட்டிருக்க எஞ்சினை நிப்பாட்டாமல் ஐஞ்சு நிமிசம்: 127 இல இருந்தது 150 தாண்டிற்று.

பாருங்கோ, வெயில் ஏறினாலும் இறங்கினாலும் ஆறேழு பாகைதான் வித்தியாசம். காத்து ஓடுறதும் ஓடாததும் 36 பாகை. இந்த எஞ்சினுக்குப் ஃபானும் இல்லை, தண்ணிக் குழாயும் இல்லை. முன்னுக்குப் போனால்தான் மூச்சு. கேற் போட்டால் நிப்பாட்டுங்கோ. வீட்டை வந்து "ஆறட்டும்" எண்டு ஸ்ராண்டில விட்டு ஓடவிடுற ஆக்கள் இருக்கினம், அது அடுப்புக்கு விறகு தள்ளுறது. கடைசி ஒழுங்கையில ஆறுதலா வந்து, உள்ளிட்டு, திறப்பைத் திருப்புங்கோ.

14.04.2025, காலை 8.00

புதுவருச வாழ்த்து. மருத்துநீர் வைச்சு முழுகியாச்சு. மிச்சத்தை மச்சான் சைக்கிளின்ர ஹெட்டில தெளிச்சுவிட்டவர். எஞ்சின் குளிராத்தான் இருந்தது, ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை.

15.04.2025, இரவு 8.50

உரும்பிராய் ஐயா ஒராள் கேட்டவர், செட்டைக்கு வெள்ளிப் பெயின்ற் அடிக்கலாமோ எண்டு. அடிக்காதேங்கோ. கலியாணத்துக்குச் சைக்கிளை வடிவாக்கிறன் எண்டு என்ர தம்பி மூண்டு பூச்சு அடிச்சவன். அது சட்டை இல்லை, கம்பளிப் போர்வை. மெல்லிய கறுப்பு ஒரு பூச்சு எண்டால் பிழையில்லை, கறுப்பு சூட்டை வெளியில விடும்.

பெயின்ரை விடவும் உங்கட பக்கத்துச் செம்மண்தான் எதிரி. மாரியில அப்பினது கோடையில செங்கல்லாக் காஞ்சு, செட்டைக்கும் செட்டைக்கும் இடையில இருக்கிற வெளியை மூடிப்போடும். ஹெட்டுக்குப் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில கையை விட்டுப் பாருங்கோ. நான் ஈர்க்குக் கட்டாலயும் மண்ணெண்ணெய்த் துணியாலயும் சுரண்டினன், தேத்தண்ணிக் கோப்பை நிறைய மண் வந்தது. அதில வெங்காயத் தோலும் இருந்தது. இந்தச் சைக்கிளை எனக்கு முதல் வைச்சிருந்தவர் திருநெல்வேலிச் சந்தைக்கு மூட்டை காவினவராம்.

20.04.2025, மத்தியானம் 2.30

மண்ணெண்ணெய் எண்டு எழுதினதும் மூண்டு பேர் பழைய கதையைக் கிளறிப்போட்டினம். சரி, சொல்லுறன். சூட்டைப் பற்றி நான் படிச்ச முதல் பாடமே அதுதான்.

1990 ஆனிக்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை. பெரியப்பாவிட்ட ஒரு ஹொண்டா நைன்ரி இருந்தது. சேட்டுப் பையில சின்ன மருந்துப் போத்தல், அதுக்குள்ள பவுண் மாதிரி நாலு சொட்டுப் பெற்றோல். காபரேற்றர் வாயில விட்டு, உதைச்சு, எஞ்சின் பிடிச்சோண்ண ராங்கியில இருக்கிற மண்ணெண்ணெய்க்கு மாறும். பின்னால வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்க குப்பி விளக்கு மணம். ஆர் வாறார் எண்டு மணத்திலயே சொல்லலாம்.

மண்ணெண்ணெய் குளிரில ஆவியாகாது. எஞ்சின் நல்லாச் சூடேறினால்தான் எரியும், இல்லாட்டி பாதி எரியாமல் சிலிண்டர் சுவரால வழிஞ்சு கீழ ஒயிலோட சேரும். அளவுக் கம்பியைப் பாத்தால் ஒயில் கூடிக்கொண்டு வரும். விளங்காதவை ஒயில் குடிக்காத எஞ்சின் எண்டு சந்தோசப்பட்டினம், விளங்கினவை ஓடிப்போய் ஒயிலை மாத்தினவை. இன்னொரு பக்கம், அது தானாப் பத்துற சாமான், எஞ்சின் டக்குடக்கெண்டு அடிக்கும். அதுக்குக் கராஜ் அண்ணைமார் ஹெட்டுக்குக் கீழ ரெண்டு கஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைச்சவை. ஒரு புத்தகத்திலயும் பாத்துச் செய்யேல்லை. சத்தத்தைக் கேட்டுச் செய்தவை.

பெரியப்பா எங்கையும் நிண்டால் எஞ்சினை நிப்பாட்டமாட்டார். ஆறினால் திரும்ப நாலு சொட்டுப் பெற்றோல் வேணும். மழைநாளில எஞ்சினுக்கு முன்னால காட்போட் மட்டை கட்டினவர், காத்துப் படாமல் இருக்க. அண்டைக்கு எஞ்சின் சூடாகுதில்லை எண்டு அழுதம். இண்டைக்கு நான் குந்தியிருந்து புகை பூசி எத்தினை பாகை எண்டு பாக்கிறன். மனுசன் இருந்திருந்தால் சிரிச்சிருப்பார்.

இப்ப பெற்றோலுக்குள்ள மண்ணெண்ணெய் கலந்து அடிச்சால் லாபம் எண்டு கேட்ட தம்பிக்கு: இல்லை. அது வேற வழி இல்லாத காலத்தின்ர வழி.

27.04.2025, இரவு 7.45

திரும்பவும் நிண்டிட்டு. இந்தமுறை இயக்கச்சிக்கு இஞ்சால. காலமை 8 மணி! வெயிலே ஏறேல்லை. அதே மாதிரி: பின்னுக்குப் பிடிச்சு இழுக்கிற மாதிரி, விக்கல், அமைதி. மூடியைத் திறந்து பாத்தன், பெற்றோல் இருக்கு. பத்து நிமிசத்தில ஸ்ரார்ட் ஆச்சு.

காலமை 8 மணிக்குச் சூரியனைக் குற்றம் சொல்ல எனக்கே வெக்கமாக் கிடக்கு. 06.04 இல "சூடுதான், வேற ஒண்டுமில்லை" எண்டு எழுதினவர் ஆரெண்டு தெரியேல்லை.

28.04.2025, காலை 6.10

பளை அக்கா ஒராள், ஸ்கூட்டி ஓடுறவ, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறா: "அண்ணை, மூடியைத் திறக்கேக்க சத்தம் கேட்டதோ? கேட்டால், காத்து உள்ளுக்குப் போன சத்தமோ வெளியில வந்த சத்தமோ?"

சத்தம் கேட்டது. உள்ளுக்கோ வெளியிலயோ தெரியாது. பெற்றோல் இருக்கோ எண்டு பாக்கிற அவதியில ஆர் அதைக் கவனிச்சது. வீட்டில வெயிலுக்க விட்டிட்டுத் திறந்தால் "புஸ்" எண்டு வெளியில வரும், அது எனக்குத் தெரியும். பெற்றோல் ஆவி எண்டு நினைச்சன். அப்பிடி விட்ட நாளில சைக்கிளுக்குக் கீழ பெற்றோல் மணமும் இருக்கும். காபரேற்றரில வொஷர் போயிற்று எண்டு நினைச்சு ஒண்டு வாங்கியும் வைச்சிருக்கிறன்.

29.04.2025, இரவு 9.15

பிளக்கைக் கழட்டினன். 60 இல ஓடி, கிளச்சைப் பிடிச்சு, உடன நிப்பாட்டிக் கழட்டவேணும்; ஊருக்குள்ள ஊர்ந்து வந்து கழட்டினால் ஊர்ந்த கதையைத்தான் அது சொல்லும். தேத்தண்ணி நிறத்தில இருக்கவேண்டிய நுனி சுண்ணாம்பு வெள்ளை. ஓரத்தில சின்னச் சின்ன மினுக்கம்.

அப்ப பெற்றோல் காணாமல் எரிஞ்சிருக்கு. காத்துக் கூடி, பெற்றோல் குறைஞ்ச கலவை ஆறுதலா எரியும், சூடு முழுக்க ஹெட்டிலயும் எக்ஸோஸ்ற் வால்விலயும் தங்கும். கூடுதலாப் பெற்றோல் போனால் காசுதான் நட்டம். குறைஞ்சு போனால் எஞ்சின் நட்டம்.

சந்தேகம் ஒண்டு: காபரேற்றருக்கும் ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற வளையம் வெடிச்சுக் காத்து இழுக்குதோ. எஞ்சின் ஓடேக்க அந்த இடத்தைச் சுத்திச் சவர்க்காரத் தண்ணி தொட்டுப் பாத்தன், ஓட்டம் மாறேல்லை. சந்தேகம் ரெண்டு: காபரேற்றருக்குள்ள பெற்றோல் வாற துளை, மெயின் ஜெற்றில ஊத்தை. கழட்டினன், வெளிச்சம் வட்டமாத் தெரியுது. வால்வ் இடைவெளியும் பாத்தன், எஞ்சின் ஆறினாப் பிறகு, விடியக்காலமை: 0.08 மில்லிமீற்றர், இடைவெளி அளக்கிற ஃபீலர் தகடு வெண்ணெய்க்குள்ள போற மாதிரி மெல்லப் பிடிச்சு வருது. எல்லாம் சரி. எல்லாம் சரி எண்டால் ஏன் நிக்குது?

04.05.2025, காலை 11.30

கண்டுபிடிச்சாச்சு. உங்களுக்குச் சொல்ல வெக்கமா இருக்கு, எண்டாலும் சொல்லத்தான் வேணும்.

பளை அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் தேடி, ராங்கியை நிரப்பிக்கொண்டு கைதடி தாண்டி 60 இல போனன். இழுவை குறையத் தொடங்கினோண்ண ஓரத்தில நிப்பாட்டி, காதை ராங்கியோட வைச்சுக்கொண்டு மூடியைத் திருகினன். "ஸ்ஸ்ஸ்" எண்டு உள்ளுக்கு இழுத்தது. பக்கத்துக் கடையில நிண்டவை, நான் சைக்கிளுக்கு நாடி பாக்கிறன் எண்டு நினைச்சிருப்பினம்.

மூடியின்ர அடியில ஒரு வட்டம். பொலித்தீன். தடிச்ச பசளைப் பையில கத்தரிக்கோலால வெட்டின வட்டம், ஓரம் கொஞ்சம் மஞ்சளாப் போய், ஒரு பக்கம் சுருண்டு. ஆர் வெட்டினது? நான்தான். 2022 இல. பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் அட்டைக்கு மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலம். மூடியில இருக்கிற அந்த ஊசித் துளையால பெற்றோல் ஆவியாப் போகுது எண்டு நினைச்சு, ஒரு சொட்டும் போகக்கூடாது எண்டு கவனமா அளந்து வெட்டி வைச்சனான்.

அந்தத் துளை ராங்கி மூச்சு விடுற மூக்கு. பெற்றோல் கீழ இறங்க இறங்க மேல அந்த இடத்துக்குக் காத்து வரவேணும், வராட்டி உள்ளுக்க வெற்றிடம் பிடிச்சு பெற்றோல் இறங்காது. போத்தலைக் கவிட்டு வைச்சுத் தண்ணி குடிக்கேக்க குளுக்குளுக்கெண்டுறது அதுதான். பொலித்தீன் முழுசா அடைக்கேல்லை, ஓரத்தால கொஞ்சம் கசிஞ்சிருக்கு. 40 இல போகேக்க அந்தக் கசிவு காணும். மூண்டு வருசமா வேலைக்குப் போய் வாறது 4 கிலோமீற்றர், அதுக்கு எப்பவும் காணும். 60 இல ஒரு மணித்தியாலம் போகேக்க காணாது. அதுவும் ராங்கி நிறைஞ்சிருந்தால் மேல காத்து இருக்கிற இடம் கொஞ்சம், இன்னும் கெதியா இறுகும். நான் கிளிநொச்சிக்குப் போக வெளிக்கிட்டால்தான் நிரப்புறது.

06.04 இல அரை மணித்தியாலம் ரோட்டுக்கரையில குந்தியிருந்தன், ஆறினாப் பிறகு ஸ்ரார்ட் ஆச்சு எண்டு எழுதினன். ஆறினதால இல்லை. மூடியைத் திறந்ததால. திறந்த அடுத்த நிமிசமே உதைச்சிருந்தாலும் ஓடியிருக்கும். இயக்கச்சியில பத்து நிமிசம் எண்டதும் அதே கதைதான்.

கீழ பெற்றோல் மணமும் அதேதான். வெயிலுக்க விட்டால் ராங்கிக்குள்ள ஆவி பெருகி, வெளியில போக வழியில்லாமல் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள தள்ளியிருக்கு. வொஷரில பிழையில்லை. வாங்கினது வாங்கினதுதான்.

04.05.2025, இரவு 8.20

கொடிகாமத்துத் தம்பி மூண்டு சிரிப்புப் படம் போட்டிருக்கிறார். போடும் போடும். வாளியை நிப்பாட்டினீரோ எண்டதுக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

11.05.2025, பின்னேரம் 6.00

பொலித்தீனை எடுத்தாப் பிறகு அளந்தது. புகை பூசின அதே சதமளவு இடம், அதே துவக்கு, வெளியில 35 பாகை. வல்லை வெளி 50 இல: 126. முந்தி 127. வித்தியாசமே இல்லை, ஏனெண்டால் அந்த ஓட்டம் 50 இல, ராங்கியும் அரைவாசி. முந்தி 60 இல நீண்ட ஓட்டத்தில அளக்காமல் விட்டது என்ர பிழை, ஒப்பிட ஒண்டுமில்லை. இப்ப ஆனையிறவு வரை 60 இல போய் நிப்பாட்டினோண்ண அளந்தன்: 134. பிளக் தேத்தண்ணி நிறம். பால் கொஞ்சம் கூடின தேத்தண்ணி.

13.04 இல காத்தோட்டத்தைப் பற்றி எழுதினது அப்பிடியே நிக்குது, அதில கை வைக்கேல்லை. ஊருக்குள்ள ஊர்ந்தால் இப்பவும் 160 தான்.

15.06.2025, இரவு 9.30

சோளகம், தென்மேல் காத்து, தொடங்கியாச்சு. பூநகரி றோட்டால சங்குப்பிட்டிப் பாலத்தில திரும்பி வரேக்க காத்து பின்பக்கம். பின்காத்தில செட்டைக்குக் காத்துப் படாது, எஞ்சின் கொதிக்கும் எண்டு நேற்று ஒருத்தருக்கு அடிச்சுச் சொன்னன். இண்டைக்குப் போய் அளந்தன். போகேக்கையும் வரேக்கையும் 45 இல, நாலு பாகைதான் கூட. முகக்காத்தில எஞ்சின் கூடப் பாடுபடுது, பின்காத்தில பாடு குறைவு, காத்தும் குறைவு. ஒண்டுக்கொண்டு சரிக்கட்டிப்போடும் போல. சொன்னதைத் திருப்பி எடுக்கிறன்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் பின் பிறேக்கில கிடைச்சது. சில்லைத் தூக்கிச் சுத்தினால் ஒண்டரைச் சுத்தில நிண்டுது. பிறேக் கட்டை உரசிக்கொண்டே ஓடியிருக்கு. நட்டை ரெண்டு சுத்துத் தளத்திவிட்டன். சில்லு இப்ப பாட்டில சுத்துது, அதே 45 இல எஞ்சின் எட்டுப் பாகை குறைவு. எஞ்சின் சூடு எண்டு எஞ்சினையே பாத்துக்கொண்டு இருந்தம், சைக்கிளின்ர மற்றத் தொங்கல்ல அடுப்பு எரிஞ்சிருக்கு. செயினையும் ஒருக்காப் பாருங்கோ, வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைச்சிருக்கிற ஆக்கள் இருக்கினம்.

10.08.2025, இரவு 11.00

நல்லூர்த் திருவிழாச் சனம். பருத்தித்துறை வீதியில ஒரு கிலோமீற்றர் போக அரை மணித்தியாலம். எஞ்சினை நிப்பாட்டி, வேட்டியை மடிச்சுக் கட்டி, உருட்டிக்கொண்டு போனன். பக்கத்தில புதுச் சைக்கிள் ஒண்டு, தண்ணியால குளிருற எஞ்சின், ஃபான் "ஊ" எண்டு கத்துது. ஓடினது ஒரு பெடியன். "அண்ணை, பழுதோ?" எண்டு கேட்டான். இல்லையடா தம்பி, ஆறவிடுறன் எண்டன். அவன் நம்பேல்லை.

17.08.2025, காலை 7.40

இதோட இந்த விசயத்தை முடிக்கிறன் எண்டு நினைச்சிருக்க, ராத்திரி படுக்கையில ஒண்டு ஞாபகம் வந்தது. அண்டைக்கு 2022 இல அந்தப் பசளைப் பையில ஒரு வட்டம் மட்டும் வெட்டேல்லை. வரிசையில என்னோட நிண்ட ஆக்களுக்கும் "பெற்றோல் மிஞ்சும்" எண்டு மூண்டு பேருக்கு வெட்டிக் குடுத்தனான்.

காலமை முதல் வேலையா மச்சானைப் பிடிச்சன். மூடியைத் திறந்தன், இருக்கு. குளிரூட்டி திருத்திற மனுசன், மூண்டு வருசமா என்ர பொலித்தீனோட ஓடித் திரிஞ்சிருக்கிறார். கோப்பாய் மாமாவின்ரயையும் எடுத்தாச்சு. அவர் தன்ர சைக்கிள் நிக்கிறதே இல்லை எண்டு வாதாடினவர். அவர் 30 ஐத் தாண்டினதை ஒருத்தரும் காணேல்லை.

மூண்டாவது ஆள் கனடாவுக்குப் போயிட்டான். சைக்கிளைப் பருத்தித்துறைப் பக்கம் ஆருக்கோ வித்துப்போட்டுப் போனவனாம், ஆரெண்டு அவனுக்கும் ஞாபகமில்லை. நீலச் சிஜி 125, சீற்றில வலப்பக்கம் ஒரு கிழிசல் தைச்சிருக்கும். வடமராட்சிப் பக்கம் ஆராவது அப்பிடி ஒண்டு வைச்சிருந்து, தூரத்துக்குப் போகேக்க நிக்குது, வெயில் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தால், மூடியைத் திறந்து அடியில பாருங்கோ.